கல்லு விழுந்த எடம்

ஏனுங்கம்மிணி, இந்தப் பஸ்ஸு கவுந்தப்பாடில நிக்குமுங்களா? நிக்குமா, செரி. இல்லீங், நான் எறங்கறது ஈரோட்டுல. டிக்கெட்டும் ஈரோட்டுக்குத்தான் எடுத்திருக்கறேன், பாருங்க. சும்மா கேட்டு வெச்சேன்.

இந்தப் பையைத் துளி மடியில வெச்சுக்கறீங்களா? கனமாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க. சன்னலையும் கொஞ்சம் தள்ளி உடுங்க, காத்தே வருல. காதுல மாட்டியிருக்கறதை ஒரு பக்கம் மட்டும் கழட்டிக்குங்க கண்ணு, பாட்டு எங்கயும் ஓடிப் போயிராது. கோபில இருந்து ஈரோடு வரைக்கும் வாயை மூடிட்டு வந்தா எனக்கு நெஞ்சு அடைச்சுப் போயிருமுங்க. காத்தால இருந்து ஒரு எடத்துல உக்கார முடியல. ரெண்டு தடவை தோட்டத்துக்குப் போயிட்டு வந்தேன். மூணு தடவை சீலை மாத்துனேன். "கல்யாணப் பொண்ணுகூட இத்தனை தடவை மாத்த மாட்டா"ன்னு எங்கூட்டுக்காரர் சொல்றாரு. அவருக்கென்ன, ஷீல்டு வாங்கப் போறது நானு.

ஆமாங்க, ஷீல்டு. ஈரோட்டுல விழா, பதனோரு மணிக்கு. எதுக்குன்னு கேளுங்க. மண்புழுவுக்கு! சிரிச்சுக்குங்க, பரவால்ல, எங்கூருல அல்லாரும் சிரிச்சவங்கதான். இப்ப அதே வாய் "துளசிமணியக்கா, துளசிமணியக்கா"ங்குது. துளசிமணிங்கறது நான்தானுங்க.

போன வருசம் நிவேதான்னு ஒரு புள்ளை எங்கூருக்கு வந்துச்சு. காலேஜில மண்ணைப் பத்திப் படிக்குதாமா. பேண்ட்டுப் போட்டுட்டு, மம்பட்டியைப் புடிக்கத் தெரியாமப் புடிச்சுட்டு நின்னுச்சு. "அம்மா, நாங்க நாலு பேர் எத்தனை காடு தோட்டத்துக்குத்தான் போறது? உங்க மண்ணு உயிரோட இருக்கான்னு நீங்களே தோண்டிப் பாத்து, புழுவை எண்ணி, போன்ல போடுங்க. எல்லாரும் போட்டா ஜில்லா பூராத் தெரிஞ்சுரும்"னுச்சு. சம்பளம் கெடையாது. கழுத்துல மாட்டிக்க ஒரு அட்டை, 'தன்னார்வலர்'னு. அதுல என்ற பேரு. ரேசன் கார்டுக்கு அப்பறம் என்ற பேரை அச்சுல பாத்தது அதுலதானுங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கறேன்.

எண்ணறதுன்னா ஏனோதானோன்னு இல்லீங். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம். அந்த மண்ணை வெள்ளைச் சாக்குல கொட்டி வெரலால உதுத்துப் பாக்கோணும். கழுத்துல பட்டை கட்டுன மாதிரி இருந்தா பெருசு, இல்லீன்னா குஞ்சு, ரெண்டையும் தனித்தனியா எழுதோணும். அப்பறம் குழிக்குள்ள கடுகை அரைச்சுக் கரைச்ச தண்ணிய ஊத்தோணும். காரம் தாங்காம ஆழத்துல இருக்கறதெல்லாம் மேல வந்துரும். அதையும் எண்ணிட்டு, நல்ல தண்ணில அலசி உட்டரோணும். பாவம், வாயில்லாச் சீவன்.

ரெண்டு ரெண்டு பேராத்தான் போகோணும், ஒருத்தி தோண்ட, ஒருத்தி எழுத. எனக்குச் சோடி கோகிலா. பக்கத்துத் தோட்டத்துக்காரி. சொந்தமெல்லாம் இல்லை, ஆனா வாய் நெறைய அக்காம்பா. ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் ஒரு ஏக்கரா மல்பெரியும் பட்டுப்புழுவுந்தான் அவளுக்குச் சோறு போடுது. நான் மண்புழுவுக்கு ஓடுனா அவ பட்டுப்புழுவுக்கு ஓடுவா. "நம்ம ரெண்டு பேரு பொழப்பும் புழுவாட்டம் நெளியுதுக்கா"ன்னு சிரிப்பா. கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்.

இது எந்த ஊருங்க? இன்னும் கவுந்தப்பாடி வருலீங்களா? செரி செரி.

எதுல உட்டேன்? குழி. எங்க தோண்டறதுன்னு நாம முடிவு பண்ணக் கூடாது, அதுதான் சட்டம். காட்டு நடுவுல நின்னு, கண்ணை மூடிட்டு, ஒரு கல்லைத் தோளுக்கு மேல பின்னால எறியோணும். அது எங்க விழுகுதோ அங்க குழி. சோடியும் திரும்பி நின்னு கண்ணை மூடிக்கோணும். நல்ல எடமாப் பாத்துத் தோண்டிருவமாம், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. நம்பிக்கை இல்லீன்னா அட்டை எதுக்குக் குடுக்கறது?

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க சொல்லுங்க. ஊட்டுக்கு ஒறம்பரை வர்றாங்க. வாசலைக் கூட்டித் தண்ணி தெளிப்பீங்களா, மாட்டீங்களா? கெடக்கற சட்டி பானையை ஒதுக்கி, இருக்கறதுல நல்ல போர்வையா எடுத்து விரிப்பீங்களா, மாட்டீங்களா? அதைத்தானுங்க நான் பண்ணுனேன். எண்ணறதுக்குத் தேதி வந்தவுடனே, முருங்கை மரத்துக்கு அக்கட்ட, தொட்டித் தண்ணி வழியற எடத்துல, ரெண்டு பாய் விரிக்கற அளவு மண்ணைக் கொத்தி உட்டேன். பத்து நாளு சாணியக் கரைச்சு ஊத்துனேன். சருகைப் போட்டு மூடி, மேல ஈரச் சாக்கைப் போட்டேன். ஒரு புழுவைக்கூட நான் கொண்டாந்து போடுலீங்க, அதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. அதுகளா வந்துச்சு. சோறு போட்டா வரத்தான் செய்யும்.

கல்லும் அங்கதான் விழுந்துச்சு. ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? முப்பத்தஞ்சு வருசமா அந்தக் காட்டுல நடக்கறேன், கண்ணை மூடுனாலும் கைக்குத் தெரியாதுங்களா?

தோண்டுனோம். கோகிலா எண்ண எண்ண நான் எடுத்துப் போட்டேன். இருவது, முப்பது, நாப்பது. அவ கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. கடுகுத் தண்ணி ஊத்துனமே, அப்பறமும் வந்துச்சு பாருங்க, தேர்ப் பாக்க வர்ற சனமாட்டம். மொத்தம் அறுபத்தொண்ணு. "அக்கா, அறுபத்தொண்ணுக்கா!"ன்னு என்னையக் கட்டிப் புடிச்சா, மண்ணுக் கையோட. அவ கையாலயே எழுதுனா. அவ காட்டுல பதனொண்ணுதான். ஊருல மத்தவங்களுக்கு ஏழு, ஒம்பது, ஒருத்தருக்கு மூணு.

அதுக்கு மேல போன்ல ஒரு கேள்வி இருந்துச்சு, "ஆறு மாசத்துக்குள்ள களைக்கொல்லி அடிச்சீங்களா?"ன்னு. அடிச்சிருந்தோம். மஞ்சக்காடு பூரா எங்கூட்டுக்காரர் ரெண்டு தடவை அடிச்சாரு, கை வலிக்க வலிக்க. 'ஆமாம்'னே போட்டேன். பொய் சொல்லோணும்னா அதுலயே சொல்லியிருப்பனே! எனக்குப் பொய் வராதுங்க, சின்ன வயசுல இருந்தே.

அப்பறம் போன்ல படம் ஒண்ணு வந்துச்சு. ஜில்லா பூராப் பச்சைப் புள்ளி. எல்லாத்துலயும் பெருசு என்றது. கோபில இருந்து சனம் வந்து பாத்துட்டுப் போச்சு, ஒருத்தரு எங்க மண்ணை ஒரு புடி எடுத்து மோந்து பாத்தாரு. நிவேதா போன் பண்ணுச்சு. "அம்மா, நான் ஒரு தடவை வந்து தோண்டிப் பாக்கட்டுமா?"ன்னு. "வா சாமி, ஆனா இப்பத் தண்ணி கட்டிருக்குது"ன்னேன். அப்பறம் கூப்புட்டுச்சு, "ஊருக்குப் போறோம்"னேன். சந்தேகப்பட்டா யாருக்குங்க கோவம் வராது?

உரக்கடை தங்கமுத்து இருக்கறாரு பாருங்க, அவருதான் கெடுத்தாரு. என்னையக் கேட்டா மொதத் தப்பு அவரு மேலதான். கடை முன்னால ஒரு பேனரைக் கட்டிட்டாரு, இத்தா பெருசு. "மருந்தடித்த காட்டில் 61 மண்புழு! இனி என்ன பயம்?"னு. என்ற போட்டோவையும் போட்டிருந்தாரு. நல்ல போட்டோதான், அதை நான் குத்தம் சொல்லுல. பஸ்ஸுல போறப்ப எட்டி எட்டிப் பாத்தேன், மறைக்கறதுக்கென்ன.

என்னுங்க, கண்டக்டரு விசிலடிச்சாரு? கவுந்தப்பாடிங்களா? இல்லையா. பாதி எந்திரிச்சே போயிட்டேன் பாருங்க. ஒண்ணுமில்லீங்.

கவுந்தப்பாடில கோகிலா இருக்கறா, அதுக்குத்தான் கேட்டேன். அவுங்க அண்ணன் ஊட்டுல. நாப்பது நாளாச்சு. அண்ணன் பொண்டாட்டி ஒரு மாதிரி. மொத நாலு நாளு எலை போட்டுப் பரிமாறுவாளாமா, அப்பறம் தட்டைத் தூக்கிப் போடுவாளாமா. வேண்டாத ஒறம்பரையா அங்க போயிக் கெடக்கறா, பாவம், சொந்தத் தோட்டம் இருக்கறவ.

என்ன ஆச்சுன்னா, மார்கழில அவ தோட்டத்துல களை மண்டிப் போச்சு. ஆளு கெடைக்குல. ரெண்டு முட்டியும் வீங்கிக் கெடக்குது அவளுக்கு, உக்காந்து எந்திரிக்க முடியாது. தங்கமுத்து கடைக்குப் போயிருக்கறா, அவரு பேனரைக் காட்டியிருக்கறாரு. நேரா என்கிட்ட வந்தா. சோறு திங்கறப்ப வந்தா. "அக்கா, நானும் அடிக்கலாமாக்கா? பட்டுப்புழுவுக்கு ஒண்ணும் ஆவாதாக்கா?"ன்னா.

நான் என்ன சொன்னேன்? "அறுபத்தொண்ணுன்னு நீதான அம்மிணி எழுதுனே"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அடின்னு சொல்லுல, அடிக்காதேன்னும் சொல்லுல. அவ எழுதுனதை அவளுக்குச் சொன்னேன். இதுல என்ற மேல என்னங்க தப்பு?



மல்பெரிச் சாலுக்கு நடுவுல அடிச்சா. காத்து வேற அன்னைக்கு. அடுத்து வளத்த ஈட்டுப் புழுவுக்கு அந்த எலையத்தான் வெட்டிப் போட்டா. புழு நாலாந் தடவை தோலுரிச்சு, கூடு கட்டறதுக்கு நாலஞ்சு நாள்தான் பாக்கி. அந்த நேரத்துல புழு எலை திங்கற சத்தம் நீங்க கேட்டிருக்கறீங்களா? ஓலைக் கூரை மேல மழை பேயற மாதிரி இருக்கும். அன்னைக்குக் காத்தால நான் பாலு குடுக்கப் போறேன், சத்தமே இல்லை. எலை போட்டது போட்ட மேனிக்கு வாடிக் கெடக்குது. புழு அத்தனையும் தலையத் தூக்கிட்டு, அப்பிடியே தொவண்டு தொவண்டு விழுகுது. கோகிலா ஒவ்வொண்ணா எடுத்து எலை மேல வெக்கறா. அது மறுபடியும் விழுகுது. மறுபடியும் எடுத்து வெக்கறா. அந்த ஈடு பூராவும் போச்சு, அவ சோறும் போச்சு.

வந்து பாத்த பட்டுப்புழு ஆபீசரு எலையில மருந்து ஏறிருச்சுன்னாரு. நான் சொன்னேன், வெய்யலா இருக்கும், முட்டையே சொத்தையா வந்திருக்கும், ஆபீசருக்கு என்ன தெரியும்னு. நாலு பேருகிட்டச் சொன்னேன். எங்கப்பன் குதுருக்குள்ள இல்லைங்கற கதையா, யாரும் கேக்காமயே போயிப் போயிச் சொன்னேன். அதைச் சொல்றதுக்குத்தான் அவ அண்ணன் ஊருக்குக் கெளம்பறப்பவும் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். துணிப் பையோட நின்னுட்டிருந்தா. "கோகிலா, நான் என்ன அம்மிணி பண்ணுனேன், என்ற மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டீங்கறே"ன்னு கேட்டேன்.

பாத்தா. பாத்துட்டுச் சொன்னா, "அக்கா, அன்னைக்குக் கல்லு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சுக்கா. டொக்குன்னு கேட்டுச்சு. கட்டாந்தரையில விழுந்த சத்தம். கண்ணைத் தொறந்து பாத்தா நீங்க பொதபொதன்னு இருக்கற மண்ணுல நிக்கறீங்க, காலடியில கல்லு. எனக்குத்தான் காது செரியில்லைன்னு நெனைச்சுக்கிட்டேன். என்ற காதை நம்புல, உங்களை நம்புனேன்"னா.

பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டா.

துளி தண்ணி இருக்குதுங்களா? குடுங்க.

ஆமாங்க. கல்லு மஞ்சக்காட்டு வரப்போரந்தான் விழுந்துச்சு. மருந்தடிச்ச எடம், மழை பேஞ்சும் எறுகிக் கெடக்கும். நான் போயி எடுத்து முருங்கைக்குப் பக்கத்துல வெச்சுட்டு, "கண்ணைத் தொற கோகிலா"ன்னேன். தெனமும் காட்டுல நூறு கல்லை எடுத்துப் போடறோம், ஒரு கல்லை நகத்துனா என்ன ஆயிருமுன்னு நெனைச்சேன். எத்தனையோ பேரு வந்து பாப்பாங்க, மானம் போயிரக் கூடாதுன்னுதான். எங்கூட்டு வாசல் குப்பையா இருக்குதுன்னு ஜில்லா பூராத் தெரியோணுமுங்களா?

என்ற கையத்தான பாக்கறீங்க? பட்டுச்சீலையக் கட்டிட்டு நெகத்துல மண்ணோட வந்திருக்கறாளேன்னு. காத்தால தோண்டுனேன். அதுக்குத்தான் ரெண்டு தடவை போனது. மஞ்சக்காட்டு நடுவுல நின்னு, கண்ணை மூடி எறிஞ்சேன். பக்கத்துல ஒரு ஆளில்லை, நான் மூடுனேனா இல்லையான்னு பாக்க. ஆனா நெசமாலுமே மூடிட்டுத்தான் எறிஞ்சேன். அதே வரப்போரம், அதே டொக்கு. தோண்டி உதுத்தேன். ஒண்ணுமில்லை. கடுகுத் தண்ணிய ஊத்திட்டுக் குழி பக்கத்துலயே உக்காந்துட்டேன். எத்தனை நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. ரெண்டு வந்துச்சு. குஞ்சு, நூலாட்டம். எங்கூட்டுக்காரர் கூப்புட்டாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. மூணாவது ஒண்ணு வந்துருமான்னு பாத்துட்டேயிருந்தேன். வருல.

ரெண்டுதானுங்க என்ற காடு.

நிவேதா போட்ட இந்த மெசேஜைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டேன். தெரியும், நேத்தே எங்கூட்டுக்காரர் படிச்சாரு. இருந்தாலும் இன்னொருக்காப் படிங்க. "அம்மா, நாளைக்கு மேடையில உங்க குழி எண்ணிக்கை 61-ன்னு வாசிக்கப் போறோம். புத்தகத்துலயும் அச்சடிக்கறோம். சரிதானான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." பாத்தீங்களா, புத்தகத்துல. அச்சடிச்சுட்டா அதைப் பாத்து இன்னும் எத்தனை பேரு மருந்து அடிப்பாங்களோ. நேத்துப் பொழுதோட இருந்து பதில் போடாம வெச்சிருக்கறேன். பதில் போடுலீன்னாலும் அவங்க மேடையில அறுபத்தொண்ணுன்னே வாசிச்சுருவாங்க.

உங்களுக்குத் தமிழ்ல டைப்படிக்க வருமுங்களா? அடிங்க. "செரியில்லை சாமி. ரெண்டு." ஆமா, ரெண்டு. எழுத்துலயும் அடிங்க, எண்ணுலயும் அடிங்க. இன்னும் ஒண்ணு அடிங்க. "அறுபத்தொண்ணு இருந்தது ஒறம்பரை வருதுன்னு நான் கூட்டி வெச்ச எடம். கோகிலா எழுதுனது அவ தப்பில்லை. அவ கண்ணை மூடியிருந்தா." இருங்க, அமுக்கீராதீங்க. எங்கூட்டுக்காரர் ஊரு பூரா ஷீல்டுன்னு சொல்லி வெச்சிருக்கறாரு. தங்கமுத்து பேனரை அவுக்கறப்ப அல்லாரும் நின்னு வேடிக்கை பாப்பாங்க. அந்த அட்டையத் திருப்பிக் கேப்பாங்களோ என்னமோ. என்ற பேரு போட்டது.

அமுக்குங்க.

போயிருச்சா? ரெண்டு கோடு வந்துருச்சா? செரி.

கவுந்தப்பாடிங்களா? இதேதானுங்களா? கண்டக்டரே, சித்தெ நிறுத்துங்க, எறங்கோணும்! ஈரோட்டு டிக்கெட்டுதான், பரவால்லீங், எறங்கறேன்!

அந்தப் பையைக் குடுங்க கண்ணு. இவ்வளவு நேரம் மடியில சொமந்துட்டு வந்தீங்களே, என்னன்னே கேக்குலியே. கல்லுதான். அதே கல்லு. அவ என்னைய ஊட்டுக்குள்ள உடுவாளோ, வாசல்லயே நிக்க வெப்பாளோ. நிக்க வெச்சா நின்னுக்கறேன். இதை அவ கையில குடுத்து, "வா அம்மிணி, நம்மூருக்குப் போலாம். என்ற காட்டுல நீ எறி, நான் திரும்பி நின்னுக்கறேன்"னு சொல்லோணும். சத்தம் எங்க கேக்குதோ அங்க தோண்டறேன்.

வழி உடுங்க சாமி, எறங்கிக்கறேன்.